செஞ்சிக்கு ஒரு பக்கம்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என மூன்று குன்றுகள். மூன்றையும் முக்கோணமாக வளைத்துச் சுமார் 13 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில். உள்ளே நெற்களஞ்சியங்கள், லாயம், அடுக்கடுக்காய் உயர்ந்த கல்யாண மகால், யானைக்குளம், வேங்கடரமணர் கோவில், சாதத்துல்லா கான் மசூதி. கோன்கள், விஜயநகரத்தின் நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனக் கைமாறிக்கொண்டே வந்த வரலாறு. விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கோட்டையைப் பற்றி, முன்பின் அறிமுகமில்லாத ஐம்பது பேர் சேர்ந்து ஒரே கட்டுரை எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பதிப்பாசிரியர் கிடையாது. பக்கக் கணக்கு கிடையாது. கெடு கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து ஒரு வாக்கியம் சேர்க்கலாம். இன்னொருவர் எழுதியதை எடுத்தும் விடலாம். இப்படி எழுதினால் குப்பைதானே சேரும்?

சேரவில்லை என்பதற்கு முப்பது ஆண்டு அனுபவம் சாட்சி சொல்கிறது. 1995 மார்ச் 25 அன்று வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளர், படிக்க வருகிறவர் எவரும் திருத்தலாம் என்ற ஏற்பாட்டுடன் முதல் விக்கியைத் திறந்தார். 2001 ஜனவரியில் விக்கிப்பீடியா வந்தது. 2003 செப்டம்பரில் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. 2017இல் அதன் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. இந்தக் கூட்டுவேலை எப்படி நடக்கிறது என்று கேட்டால் சிலர் மென்பொருளைச் சொல்வார்கள், சிலர் தன்னார்வலர்களின் உழைப்பைச் சொல்வார்கள். இரண்டும் உண்மை. மூன்றாவதாக ஒன்று உண்டு, அதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். அதுதான் கட்டுரையின் அமைப்பு. எந்தத் தலைப்பு முதலில் வரும், எது பெட்டிக்குள் போகும், எதைப் பிரித்துத் தனிப் பக்கமாக்குவது என்ற ஏற்பாடுகள் வெறும் ஒப்பனை வேலையாகத் தோன்றும். உண்மையில் எதை எழுதப்போகிறோம், எதை எழுதாமலே விட்டுவிடப்போகிறோம் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன.

கரையான் கற்றுத் தருவது

1959இல் பிரெஞ்சு விலங்கியலாளர் பியர்-பால் கிராசே கரையான்களைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டார். புற்றுக்கு வரைபடம் இல்லை, மேஸ்திரி இல்லை. பிறகு வேலை எப்படி நடக்கிறது என்பது அவருடைய கேள்வி. ஒரு கரையான் மண் உருண்டையை ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போகிறது. அந்த உருண்டையே அடுத்து வரும் கரையானை அதன்மேல் இன்னொன்றை வைக்கத் தூண்டுகிறது. உருண்டைகள் சேர்ந்து தூணாகின்றன. பக்கத்தில் இன்னொரு தூண் எழுந்திருந்தால் இரண்டையும் இணைத்து வளைவு கட்டும் வேலை தொடங்குகிறது. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நடந்து முடிந்த வேலையே நடக்க வேண்டிய வேலைக்கு உத்தரவாகிறது. கிராசே இதற்கு ‘ஸ்டிக்மெர்ஜி’ என்று பெயரிட்டார். பெல்ஜிய அறிவியலாளர் பிரான்சிஸ் ஹைலிகன், விக்கிப்பீடியாவும் கட்டற்ற மென்பொருள்களும் வளர்வதை இதே கருத்தைக் கொண்டு பின்னாளில் விளக்கினார்.

இதைச் செஞ்சிக்குப் பொருத்திப் பார்க்கலாம். கட்டுரையில் ‘நீர் ஏற்பாடு’ என்று ஒரு தலைப்பு இருக்கிறது, அதன்கீழ் இரண்டே வரிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய் வழியே தண்ணீர் கொண்டுவந்த ஏற்பாட்டைப் பற்றிப் படித்த ஒருவர் அந்தப் பக்கத்துக்கு வருகிறார். தனக்குத் தெரிந்ததை எங்கே எழுதுவது என்று அவர் தேட வேண்டியதில்லை. தலைப்பே இடம் காட்டுகிறது. அடுத்து வருகிறவர் சக்கரக்குளத்தையும் செட்டிக்குளத்தையும் சேர்க்கிறார். மூன்றாமவர் மலைமேல் இருக்கும் சுனையை எழுதுகிறார். ஓராண்டில் அந்தப் பிரிவு, அச்சு நூல் பலவற்றில் இல்லாத அளவுக்குச் செழிப்பாகிவிடும். அந்தத் தலைப்பே இல்லாவிட்டால்? குழாயைப் பற்றித் தெரிந்தவர் பக்கத்தை மேலும் கீழும் உருட்டிப் பார்க்கிறார். ‘நாயக்கர் ஆட்சி’, ‘மராட்டியர் ஆட்சி’, ‘முகலாயர் ஆட்சி’ என்றுதான் இருக்கிறது. ஏதோ ஓர் அரசரின் பட்டாபிஷேகத்துக்கும் தோல்விக்கும் நடுவே அந்த வாக்கியத்தைச் செருகுகிறார்; அல்லது எழுதாமலே போய்விடுகிறார்.

செஞ்சியைப் பற்றி நாம் படிப்பவற்றில் பெரும்பகுதி அரசர் வரிசையில்தான் ஓடுகிறது. அந்த வரிசை அவசியம், மறுக்கவில்லை. ஆனால் சில கேள்விகளுக்கு அதற்குள் விடை கிடைக்காது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இருந்தார். அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் வெளியே இருந்தார். ஒரு பேரரசின் படைக்கு ஏன் இத்தனை ஆண்டுகள் பிடித்தன?

காரணங்கள் பல. மூன்று குன்றுகளுக்கும் தனித்தனி அரண் இருந்ததால் ஒன்று விழுந்தாலும் மற்றது தாங்கும். ராஜகிரியின் உச்சிக்குப் போகிற வழியில் பெரிய பிளவு ஒன்று குறுக்கிடுகிறது. பாலத்தை எடுத்துவிட்டால் ஏறுவதற்கு வழியில்லை. உள்ளே தண்ணீர் உண்டு, தானியம் உண்டு. வெளியே சாந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் முற்றுகைப் படையின் உணவு வழியைத் தாக்கிக்கொண்டே இருந்தார்கள். முகலாய முகாமுக்குள்ளேயே பூசல். அவுரங்கசீப்பின் மகன் காம் பக்ஷைச் சொந்தத் தளபதிகளே சிறைவைத்தார்கள். முடிவில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் தப்பிவிட்டிருந்தார்.

அரசர் வரிசையில் எழுதினால் இந்தக் காரணங்களில் புவியியல் ஒரு மூலைக்கும், களஞ்சியம் ‘கட்டடங்கள்’ பிரிவுக்கும், படைத்தலைவர்களின் பூசல் ‘முகலாயர் ஆட்சி’க்கும் சிதறிப்போகும். தகவல் எல்லாம் பக்கத்தில் இருக்கும், விளக்கம் மட்டும் இருக்காது. ‘முற்றுகை’ என்று ஒரு தலைப்பு வைத்த நாளில்தான் அவை ஒன்று கூடும்.

விளையாட்டு விக்கிகளின் அனுபவம்

பலர் கூடி எழுதும் கட்டுரையை எப்படி அமைப்பது என்பதில் மிகுந்த பயிற்சி பெற்றவர்கள் யார் என்று தேடினால், கணினி விளையாட்டு ரசிகர்களிடம் போய்ச் சேர்கிறோம். பேராசிரியர்கள் இதைக் கவனிக்காமல் விடக் கூடாது. 2004இல் ஜிம்மி வேல்சும் ஆஞ்சலா பீஸ்லியும் தொடங்கிய நிறுவனம், இன்று ‘ஃபாண்டம்’ என்ற பெயரில், ஆயிரக்கணக்கான ரசிகர் விக்கிகளுக்கு இடம் தருகிறது. அந்தத் தளத்தை விட்டு வெளியேறித் தனி முகவரியில் குடியேறியவர்களும் உண்டு. 2023இல் மைன்கிராஃப்ட் விக்கி அப்படித்தான் போனது. பள்ளி மாணவர்கள்கூடப் பங்களிக்கும் இந்த விக்கிகளில் கட்டுரை அமைப்பு கறாராகப் பேணப்படுவதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டுக்கு 2022 ஏப்ரலில் ஒரு விரிவாக்கம் வந்தது. அதில் ‘திராவிடர்கள்’ என்ற பெயரில் ஒரு நாகரிகம் சேர்க்கப்பட்டது. ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை ஆடலாம். உருமி வாள்வீரர்களைக் களத்தில் இறக்கலாம். இந்த விளையாட்டுக்கான விக்கியில் ஒவ்வொரு படைவீரருக்கும் ஒரு பக்கம் உண்டு. எல்லாப் பக்கங்களும் ஒரே ஒழுங்கில் இருக்கும். மேலே பெட்டி ஒன்றில் உயிர்ப்புள்ளி, தாக்கும் வலு, ஆகும் செலவு. அடுத்து, இவர் யார் என்று சொல்லும் ஓரிரு வரிகள். பிறகு எப்படிப் பயன்படுத்துவது, யாரிடம் மாட்டக் கூடாது. அதன் பிறகு எந்தப் பதிப்பில் எந்த அளவு மாறியது என்ற பட்டியல். வரலாற்றில் இந்த ஆயுதம் எங்கிருந்து வந்தது என்பது அதற்கும் கீழே. உருமி வீரர் பக்கத்தைப் படித்தவருக்கு யானைப்படைப் பக்கத்தில் எதை எங்கே தேடுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த ஒழுங்குக்குப் பின்னால் ஒரு தெளிவு இருக்கிறது. பக்கத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காக வருவதில்லை. ஒருவர் ஆட்டத்தின் நடுவில் ஓர் எண்ணைப் பார்க்க வருகிறார். அவருக்கு ஐந்து விநாடி போதும். இன்னொருவருக்குக் கதை வேண்டும். மற்றொருவருக்கு அந்த விளையாட்டு உருவான விதம் வேண்டும். எண்ணைப் பெட்டியில் போடுகிறார்கள். விளையாட்டுக்குள் நடக்கும் கதையையும், விளையாட்டுக்கு வெளியே அதை உருவாக்கியவர்கள் செய்ததையும் வேறு வேறு பிரிவில் வைக்கிறார்கள். கதையில் ஓர் அரசன் இறப்பதும், நிறுவனம் ஒரு பதிப்பை வெளியிடுவதும் ஒரே பத்தியில் கலந்துவிடக் கூடாது என்பது அவர்கள் சண்டை போட்டுப் போட்டுக் கண்டடைந்த விதி.

செஞ்சிக்கு இந்த விதி எவ்வளவு தேவை என்பதற்கு ஒரே பெயர் போதும். அது தேசிங்கு ராஜன். புந்தேலா ராஜபுத்திரரான தேஜ்சிங் என்ற இளைஞர், ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து 1714இல் போர்க்களத்தில் இறந்தார். ஆண்டது ஒரு வருடத்துக்கும் குறைவு. மக்கள் மனத்தில் அவர் ஆண்ட காலமோ மூன்று நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. கதைப்பாடலில் அவர் குதிரை, அவருடைய இஸ்லாமிய நண்பர், திருமணக் கோலம் கலையாமல் போருக்கு வந்த அந்த நண்பரின் நட்பு எல்லாம் பெருகி வளர்ந்தன, 1960இல் எம்.ஜி.ஆர். நடிப்பில் ‘ராஜா தேசிங்கு’ படமாகவும் வந்தது. கதைப்பாடலை ‘வரலாறு’ பிரிவில் போட்டால் வரலாறு பாழாகிறது. பொய்யென்று வெட்டி எறிந்தாலோ, செஞ்சி ஏன் தமிழர் நாவில் இன்னும் இருக்கிறது என்பதற்கான காரணமே போய்விடுகிறது. இரண்டுக்கும் மரியாதையான இடம் தருவது தலைப்புப் பிரிப்பு ஒன்றால் மட்டுமே முடியும். ‘வரலாறு’ பிரிவில் 1714இன் போர், ‘மக்கள் வழக்கில்’ என்ற பிரிவில் கதைப்பாடலும் திரைப்படமும், இரண்டுக்கும் நடுவே ஓர் இணைப்பு.

பெட்டி சொல்லும் பொய்

விளையாட்டு விக்கியிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. உருமி வீரரின் உயிர்ப்புள்ளிக்கு ஒரே சரியான விடை உண்டு, ஏனென்றால் அதை ஒரு நிறுவனம் முடிவு செய்து நிரலில் எழுதியிருக்கிறது. கோட்டைக்கு அப்படியில்லை. கோட்டைக் கட்டுரைகளின் பக்கவாட்டில் வரும் தகவற்சட்டத்தில் ‘கட்டியவர்’ என்று ஒரு கட்டம் இருக்கும்; ‘கட்டப்பட்ட ஆண்டு’ என்று இன்னொன்று. செஞ்சிக்கு என்ன எழுதுவது? மரபு ஆனந்தக் கோனைச் சொல்கிறது. இன்று கண்ணில் படும் மதிலிலும் மண்டபங்களிலும் பெரும்பகுதி விஜயநகர, நாயக்கர் கால வேலை. மராட்டியரும் மதிலை வலுப்படுத்தினார்கள். மசூதி நவாப் காலத்தது. ஒரு பெயரை எழுதினால் மற்றவர்களை அழித்ததாகும்.

காலியாக இருக்கும் கட்டம் நிரப்பச் சொல்லித் தூண்டும். கரையானுக்கு மண் உருண்டை எப்படியோ அப்படி. அதனால் யாரோ ஒருவர் ஒரு பெயரை நிரப்பிவிடுவார், இன்னொருவர் மாற்றுவார், தொகுப்புப் போர் தொடங்கும். இதற்கு நல்ல தீர்வு அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டு, ‘கட்டுமானக் காலங்கள்’ என்று கட்டுரையின் உடலில் ஒரு பிரிவு வைப்பதுதான். மாவட்டம், ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி, பராமரிப்பு இந்தியத் தொல்லியல் துறை, உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஆண்டு 2025 என ஒரே சொல்லில், ஒரே எண்ணில் அடங்குபவை பெட்டிக்குப் போகட்டும். விவாதம் உள்ளவை பத்திக்குப் போகட்டும்.

2025 என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ ‘இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மராட்டிய மாநிலத்தில் இருப்பவை, பன்னிரண்டாவது செஞ்சி. இந்தச் செய்தி ஒன்றுதான். ஆனால் செஞ்சிக் கோட்டை, செஞ்சி பேரூராட்சி, விழுப்புரம் மாவட்டம், இந்தியாவின் உலகப் பாரம்பரியக் களங்கள் என்று பல பக்கங்களில் அதை மாற்ற வேண்டும். ஒன்றில் மாற்றி மற்றொன்றில் விட்டுவிட்டால் ஒரே கலைக்களஞ்சியம் இரண்டு விதமாகப் பேசும். விளையாட்டு விக்கிகளுக்கு இது அன்றாடத் தொல்லை, ஏனென்றால் ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் எண்கள் மாறும். அதனால் அவர்கள் எண்ணை ஓரிடத்தில் மட்டும் சேமித்து, மற்றப் பக்கங்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி வார்ப்புருக்களை எழுதுகிறார்கள். விக்கிப்பீடியாவுக்கு இதே வேலையைச் செய்ய 2012இல் விக்கித்தரவு வந்தது. பன்னிரண்டு கோட்டைகளையும் இணைக்கும் வழிசெலுத்தல் பட்டை ஒன்றைப் பக்கத்தின் அடியில் வைத்தால், செஞ்சியைப் படித்தவர் ஒரே சொடுக்கில் ராய்கட்டுக்கும் சிந்துதுர்க்கத்துக்கும் போய்வர முடியும்.

கண் எங்கே போகிறது

தலைப்புக்கும் முன்னுரைக்கும் இத்தனை முக்கியத்துவம் ஏன்? 1972இல் பிரான்ஸ்ஃபோர்டு, ஜான்சன் என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனை இதற்கு விடை சொல்கிறது. துணி துவைப்பதைப் பற்றிய ஒரு பத்தியை, துணி என்ற சொல்லே வராமல் எழுதினார்கள். பொருள்களைக் குவியல்களாகப் பிரிக்க வேண்டும், ஒரே நேரத்தில் அதிகம் செய்யக் கூடாது என்ற போக்கில் அது போகும். சிலருக்குத் தலைப்பைச் சொல்லிவிட்டுப் படித்துக் காட்டினார்கள். சிலருக்குச் சொல்லவே இல்லை. சிலருக்குப் படித்து முடித்த பிறகு சொன்னார்கள். முதலிலேயே தலைப்பு தெரிந்தவர்கள் மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு நினைவில் வைத்திருந்தார்கள். பிறகு தெரிந்துகொண்டவர்களுக்குத் தலைப்பால் எந்தப் பயனும் இல்லை. எதைப் பற்றிப் படிக்கப்போகிறோம் என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான், வரும் சொற்களை அடுக்கி வைக்க மனம் இடம் ஒதுக்குகிறது.

2006இல் ஜேக்கப் நீல்சன் குழுவினர் 232 பேர் இணையப் பக்கங்களைப் படிக்கும்போது அவர்களின் கண் அசைவைப் பதிவு செய்தார்கள். மேலே ஒரு முறை முழு வரியும், சற்றுக் கீழே இன்னொரு முறை பாதி வரியும் படித்துவிட்டு, பிறகு இடது ஓரமாகவே கண் கீழிறங்கியது. வரியின் முதல் ஓரிரு சொற்களுக்குக் கிடைக்கும் கவனம் கடைசிச் சொல்லுக்குக் கிடைப்பதில்லை. விக்கிப்பீடியாவில் வாசகர் எந்த இணைப்பைச் சொடுக்குகிறார் என்று ஆராய்ந்தவர்களும், முன்னுரையிலும் தகவற்சட்டத்திலும் உள்ளவையே மிகுதியாகச் சொடுக்கப்படுகின்றன என்று கண்டார்கள். கைபேசியின் உலாவியில் கட்டுரையைத் திறந்தால் முன்னுரை மட்டும் விரிந்திருக்கும். மற்றவை மடிந்து தலைப்புகளாக நிற்கும். அந்தத் தலைப்பு ‘பிற’ என்றோ ‘சுவையான தகவல்கள்’ என்றோ இருந்தால் யார் திறப்பார்கள்?

‘சுவையான தகவல்கள்’ பிரிவைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டும். எங்கே வைப்பது என்று யோசிக்கச் சோம்பிய வாக்கியங்கள் போய்ச் சேரும் இடம் அது. விளையாட்டு விக்கிகளும் இதனோடுதான் போராடுகின்றன. அங்கே இருக்கும் ஒவ்வொரு வரியையும் உரிய பிரிவுக்கு மாற்ற வேண்டும். எந்தப் பிரிவுக்கும் பொருந்தாதது பெரும்பாலும் தேவையற்றதாகவே இருக்கும்.

இன்னொரு எல்லையும் உண்டு. விக்கிப்பீடியா தன்னைக் கையேடு அல்ல என்று அறிவித்திருக்கிறது. ஒரு விளையாட்டின் மூன்றாம் கட்டத்தை எப்படிக் கடப்பது என்று அங்கே எழுதக் கூடாது. ராஜகிரி ஏறத் தண்ணீர் எவ்வளவு கொண்டுபோக வேண்டும் என்றும் எழுதக் கூடாது. இரண்டையும் தடுப்பது ஒரே விதி. ஆட்டக் குறிப்புகளுக்கு ஸ்ட்ராட்டஜிவிக்கி போன்ற தளங்களும், பயணக் குறிப்புகளுக்கு விக்கிப்பயணம் போன்ற திட்டங்களும் தனியே நடப்பது இதனால்தான். செஞ்சிக்குப் போகிறவருக்குப் படியேறும் நேரம் முக்கியம்; மாணவருக்கு 1698 முக்கியம். இருவரையும் ஒரே பக்கத்தில் திருப்திப்படுத்த முயன்றால் இருவரும் ஏமாறுவார்கள்.

தமிழில் இந்தப் பொறுப்பு முன்பு சிலரின் தோளில் மட்டும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் முத்துத்தம்பிப் பிள்ளை 1902இல் ‘அபிதான கோசம்’ வெளியிட்டார். 1910இல் சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ வந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்துக்குப் பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து அத்தனை தொகுதிகளையும் ஒரே ஒழுங்கில் கொண்டுவந்தார். விக்கியில் அந்த நாற்காலி காலியாகவே இருக்கிறது. அதில் யாரும் நிரந்தரமாக உட்காரவும் முடியாது. பேச்சுப் பக்கத்திலும், தமிழ் விக்கிப்பீடியர்கள் பொதுவாகக் கூடிப் பேசும் ‘ஆலமரத்தடி’யிலும் உரையாடித்தான் அமைப்பை முடிவு செய்ய வேண்டும். ஒருவர் பத்துப் பத்திகளை இடம் மாற்றுவதற்கு முன் பேச்சுப் பக்கத்தில் இரண்டு வரி எழுதினால், பாதிச் சண்டைகள் தொடங்காமலே போகும்.

செஞ்சியிலோ திண்டிவனத்திலோ திருவண்ணாமலையிலோ படிக்கும் மாணவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ஏதாவது ஒரு கோட்டையைப் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரையைத் திறந்து, அதன் பொருளடக்கத்தை மட்டும் முதலில் படியுங்கள். நீர், உணவு, அங்கே வாழ்ந்த சாதாரண மக்கள், கல்வெட்டுகள், பாறையும் செடிகொடியும் ஆகியவற்றில் எதற்குத் தலைப்பு இல்லை என்று பாருங்கள். அந்தத் தலைப்பை உருவாக்குங்கள். அதன்கீழ் நம்பத்தகுந்த நூல் ஒன்றைச் சான்றாகக் காட்டி இரண்டு வரி எழுதுங்கள், போதும். அடுத்து வருகிறவர் மூன்றாவது வரியை எழுதுவார்.